பேஸ்மென்ட் படியில் ஐஸ் படிந்தால் யார் பொறுப்பு?

ரொறன்ரோவில் முதல் பனி கொட்டிய மறுநாள் காலை, ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்துத் தெருக்களில் ஒரு கொண்டாட்டம் தெரியும். அந்த ஆண்டுதான் யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்து சேர்ந்த இளம் குடும்பம், தடித்த ஸ்னோசூட்டுக்குள் பிள்ளையைத் திணித்து முற்றத்தில் இறக்கிவிட்டு, ஊரிலிருக்கும் அம்மம்மாவுக்கு வீடியோவில் காட்டிக்கொண்டிருக்கும். பிள்ளை பனியை அள்ளி வாயில் வைக்கும். நத்தார் விளக்குகள் எரியும் தெருவில் அது பார்க்கப் பார்க்க அலுக்காத காட்சி.

அதே குடும்பத்திடம், "உங்கள் பேஸ்மென்டுக்கு இறங்கும் படியில் ஐஸ் படிந்தால் அகற்ற வேண்டியது யார்?" என்று கேட்டுப் பாருங்கள். "நாங்கள்தானே" என்பார்கள். வாடகை ஒப்பந்தத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கும். ஆனால் ஒன்ராறியோச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

இந்த மாகாணத்தின் வாடகைக் குடியிருப்புச் சட்டத்தின் கீழ் பராமரிப்பு விதிகள் உண்டு. கட்டடத்துக்கு வெளியே எல்லோருக்கும் பொதுவான நடைபாதை, படி, வாகனத் தரிப்பிடம் ஆகியவற்றில் ஆபத்தான அளவுக்குப் பனியோ ஐஸோ சேராமல் பார்ப்பது வீட்டு உரிமையாளரின் கடமை என்று அவை சொல்கின்றன. பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்த ஒரு பெண் வெளி நடைபாதை ஐஸில் சறுக்கி விழுந்து காயப்பட்டார். பனி அகற்றுவது குடியிருப்பவரின் வேலை என்ற ஒப்பந்த வாசகத்தைக் காட்டி உரிமையாளர் கையை விரித்தார். வழக்கு ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. 2009இல் வந்த மொன்ட்கோமரி எதிர் வான் தீர்ப்பில், அந்த வாசகம் சட்டத்துக்கு முரணானது, செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. பனி அகற்றும் வேலையைக் குடியிருப்பவரிடம் கொடுக்கவே கூடாது என்பதல்ல. அது வாடகையோடு பிணைக்காத தனி உடன்பாடாக, அந்த வேலைக்கு ஏதாவது கொடுத்துச் செய்துகொண்டதாக இருக்க வேண்டும்.

விழுந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் நம்மவர்கள் பெரும்பாலும் தோற்றுப்போகிறார்கள். எழுந்து, வெட்கத்தோடு சுற்றிப் பார்த்து, உள்ளே போய் எண்ணெய் பூசிக்கொண்டு படுத்துவிடுகிறோம். மூன்று மாதம் கழித்து எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு தெரிந்த பிறகு சட்டத்தரணியைத் தேடுகிறோம். வழக்குப் போட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு என்று யாரோ சொன்னதை நம்பிப் பொறுத்திருப்போம். அது பாதி உண்மைதான். 2021 ஜனவரி 29 முதல், தனியார் இடத்தில் பனியாலோ ஐஸாலோ விழுந்து காயப்பட்டவர் 60 நாட்களுக்குள் எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம் என்பது அதில் இருக்க வேண்டும். இடத்துக்குப் பொறுப்பானவருக்கோ பனி அகற்றும் ஒப்பந்தக்காரருக்கோ அதை நேரில் கொடுக்கலாம், அல்லது பதிவுத் தபாலில் அனுப்பலாம். வாட்ஸ்அப்பில் "நான் விழுந்திட்டன் அண்ணை" என்று ஒரு செய்தி போட்டுவிட்டு, அறிவித்தல் கொடுத்தாகிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள்.

மாநகரசபையின் நடைபாதையில் விழுந்தால் அவகாசம் இன்னும் குறைவு: 10 நாள். அங்கே சாதாரண கவனக்குறைவு என்று காட்டினாலும் போதாது, பாரதூரமான அலட்சியம் என்று நிரூபிக்க வேண்டும். கெடு தவறியதற்கு நியாயமான காரணம் இருந்தால் நீதிபதி மன்னிக்கலாம். அதை நம்பிக் காலத்தைக் கடத்துவது புத்திசாலித்தனமல்ல.

ஆகவே விழுந்த இடத்திலேயே, எழுந்து நிற்க முடிந்தால், கைபேசியில் படம் எடுங்கள். முடியாவிட்டால் கூட இருப்பவரை எடுக்கச் சொல்லுங்கள். ஐஸ் சாட்சியாக நெடுநேரம் நிற்காது. ஒரு மணித்தியாலத்தில் யாராவது உப்பு தூவிவிடுவார்கள், அல்லது வெயில் பட்டு உருகிவிடும். போட்டிருந்த சப்பாத்தைக் கழுவாமல் எடுத்து வையுங்கள். அன்றைக்கே வைத்தியரிடம் போய், எங்கே, எப்படி விழுந்தீர்கள் என்பதைப் பதிவு செய்ய வையுங்கள்.

அடுத்தது வீட்டுக்குள் இருக்கும் குளிர். பச்சிளம் குழந்தையுள்ள வீட்டில் வெப்பத்தைக் குறைத்து வைத்து, "கேஸ் பில் கூடிப்போச்சு" என்று உரிமையாளர் சொல்வது புதிய கதையல்ல. உரிமையாளர் வெப்பம் வழங்கும் வாடகை வீடுகளில் அது 21 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது என்பது ரொறன்ரோ மாநகர விதி. நகர விதி இல்லாத இடங்களில் மாகாண விதிப்படி 20 டிகிரி. எங்கே அளப்பது என்பதையும் மாகாண விதி சொல்கிறது: தரையிலிருந்து ஒன்றரை மீற்றர் உயரத்தில், வெளிச்சுவரிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி. சில டொலருக்குக் கிடைக்கும் வெப்பமானியை அந்த இடத்தில் வைத்து, காலையும் இரவும் படம் எடுத்து வையுங்கள். உரிமையாளருக்கு எழுத்தில் சொல்லுங்கள். அசையாவிட்டால் ரொறன்ரோவில் 311ஐ அழையுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். அதற்கும் மேலே வீட்டு உரிமையாளர் வாடகையாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. வாடகைக் குறைப்பு கேட்டு அங்கே ஓர் ஆண்டுக்குள் விண்ணப்பிக்கலாம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். கோபத்தில் வாடகையை நிறுத்தி வைக்காதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும், வாடகை நிலுவை என்று காட்டி உங்களை எழுப்ப அதுவே காரணமாகிவிடும்.

"எங்கட பேஸ்மென்ட் பதியாதது, முறைப்பாடு செய்ய ஏலாது" என்ற பயம் நம் சமூகத்தில் ஆழமாக இருக்கிறது. பதியாத பேஸ்மென்டில் இருப்பவரையும் வாடகைச் சட்டம் பாதுகாக்கிறது. ஒரு முக்கிய விலக்கு உண்டு: உரிமையாளர் குடும்பத்தோடு சமையலறையையோ குளியலறையையோ கட்டாயம் பகிர வேண்டிய குடியிருப்பு இந்தச் சட்டத்துக்குள் வராது. உங்கள் நிலைமை எது என்று தெரியாவிட்டால் சமூகச் சட்ட உதவி மையங்களில் இலவசமாகக் கேட்கலாம். வருமானம் குறைந்த தெற்காசியர்களுக்கென்றே ரொறன்ரோவில் ஒன்ராறியோ தெற்காசியச் சட்ட மையம் இயங்குகிறது.

குளிரைவிட எனக்குப் பெரிய கவலை காபன் மொனொக்சைட். நிறமும் மணமும் இல்லாத வாயு அது. 2008இல் ஒன்ராறியோவின் வூட்ஸ்டொக் நகரில் ஹோக்கின்ஸ் குடும்பத்தில் தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள் என்று நான்கு பேரும் இந்த வாயுவால் இறந்தார்கள். எரிவாயுக் கணப்பின் புகைபோக்கி அடைபட்டிருந்தது, வீட்டில் அலாரம் இல்லை. அவர்களின் பெயரில் வந்த சட்டத்தால் 2014 முதல் படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் அலாரம் கட்டாயமானது. எரிபொருள் சாதனமோ வீட்டோடு ஒட்டிய கராஜோ உள்ள வீடுகளில் ஒவ்வொரு தளத்திலும் இருக்க வேண்டும் என்பது 2026 ஜனவரி 1 முதல் விதி. வாடகை வீட்டில் அதைப் பொருத்துவது உரிமையாளர் கடமை. சத்தம் போடுகிறது என்று பற்றரியைக் கழற்றுவது குற்றம்.

பனி கொட்டியதும் வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து, வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் ஃபேர்னஸ் குழாயின் வாயைப் பனி மூடியிருக்கிறதா என்று பாருங்கள். கராஜுக்குள் காரை ஓடவிட்டுச் சூடேற்றாதீர்கள். 2013 டிசம்பர் ஐஸ் புயலில் ரொறன்ரோவில் ஏறத்தாழ மூன்று லட்சம் வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் நின்றது. அப்படியான இரவில் கரி அடுப்பை உள்ளே கொண்டுவரத் தோன்றும். கொண்டுவரவே கூடாது. காய்ச்சல் இல்லாமல் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலையிடி, குமட்டல், தூக்கம் வந்தால் உடனே வெளியேறி 911ஐ அழையுங்கள்.

இனிப் பிள்ளைகளின் விளையாட்டு. காற்றோடு சேர்ந்த குளிர் கழித்தல் 28ஐத் தொட்டால் திறந்த தோல் பத்து முதல் முப்பது நிமிடத்தில் உறையலாம். காது, மூக்கு, விரல் நுனி வெளிறி மரத்துப்போனால் நம் வீடுகளில் சூடு பறக்கத் தேய்ப்பார்கள், கொதிநீரில் கையை வைப்பார்கள். இரண்டுமே தோலைக் கெடுக்கும். உங்கள் உள்ளங்கையாலோ அக்குளுக்குள் வைத்தோ மெல்லச் சூடேற்றுங்கள். உணர்வு திரும்பாவிட்டால் வைத்தியசாலைக்குப் போங்கள். தாதியிடம் ஆலோசனை கேட்க 811 எந்நேரமும் உண்டு.

காரில் ஏறும்போது தடித்த ஜாக்கெட்டின் மேல் இருக்கைப் பட்டியைப் போடாதீர்கள். மோதினால் பஞ்சு அமுங்கி, பட்டி தளர்ந்து, பிள்ளை வழுகிவிடும். மெல்லிய உடுப்போடு பட்டியை இறுக்கி, மேலே ஜாக்கெட்டைப் போர்த்துங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த கார் இருக்கை இங்கே சட்டப்படி செல்லாது. மேப்பிள் இலையுள்ள தேசியப் பாதுகாப்பு முத்திரை அதில் இருக்க வேண்டும்.

பனிச்சறுக்குத் தட்டில் பிள்ளை தலைக்கவசத்தோடு, உட்கார்ந்து, கால் முன்னே நீட்டிப் போகட்டும். 2024 ஜனவரியில் ரொறன்ரோ மாநகரசபை 45 மேடுகளில் சறுக்கத் தடை போட்டது. அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டே ஏறுங்கள். தெருவோரப் பனிக்குவியலில் குகை தோண்டவும் விடாதீர்கள். பனி தள்ளும் வண்டிச் சாரதிக்கு உள்ளே பிள்ளை இருப்பது தெரியாது. புதுக் குடியிருப்புகளின் நடுவே அழகாக உறைந்து கிடக்கும் மழைநீர்க் குளங்களில் கால் வைக்க வேண்டாம். அடியில் நீர் ஓடுகிறது, வீதி உப்பும் அதில் கலக்கிறது. அதனால் ஐஸ் ஓரிடத்தில் தடிப்பாகவும் பக்கத்திலேயே மெல்லிசாகவும் இருக்கும். விடுமுறையில் ஸ்கீ போகும் குடும்பங்கள் வாசலில் நீட்டும் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்திடுகின்றன. காயப்பட்டால் வழக்குப் போட மாட்டோம் என்று அதில் இட்ட கையெழுத்து பெரியவரைக் கட்டுப்படுத்தும் என்று 2018இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

விடுமுறை என்றதும் வேலைத்தளத்து உரிமை ஒன்றையும் சொல்ல வேண்டும். டிசம்பர் 25, 26, ஜனவரி 1 ஆகியவை ஒன்ராறியோவில் பொது விடுமுறைகள். பகுதிநேர ஊழியர்களுக்கும் பொதுவாக அந்த நாளுக்குச் சம்பளம் உண்டு. காசாகக் கையில் கொடுப்பதால் இந்த உரிமை போய்விடாது. தராவிட்டால் தொழில் அமைச்சில் இரண்டு ஆண்டுக்குள் முறைப்பாடு செய்யலாம்.

கடைசியாக, வீடு வாடகைக்குக் கொடுத்திருக்கும் நம்மவர்களுக்கு. உங்கள் பேஸ்மென்டில் இருப்பது பெரும்பாலும் நம் ஊர்ப் பிள்ளைகள்தான். மனஸ்தாபம் வந்துவிடும் என்று அவர்கள் வாய் திறப்பதில்லை. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுக்காதீர்கள். காலையில் வேலைக்குப் புறப்படுமுன் பின்படியில் உப்பு தூவுங்கள். கீழ்த்தளத்து அலாரத்தின் பொத்தானை இன்றே அழுத்திப் பாருங்கள்.