மன்றப் பொருளில் சேரி எங்கே இருக்கிறது?

நகர்மன்றக் கூட்டத்துக்குச் சில நாள் முன்பு உறுப்பினர்கள் வீட்டுக்கு ஒரு புத்தகம் வரும். எழுத்தில் அதன் பெயர் ‘கூட்டப் பொருள்’. பேச்சில் எல்லோருக்கும் அது அஜெண்டா. வேலூரில் அது மாமன்றத்துக்குப் போகிறது; ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, குடியாத்தத்தில் நகர்மன்றத்துக்கு. மன்றத்தின் பெயர் மாறினாலும் புத்தகத்தின் நடை மாறாது. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண், ஒரு கோப்பு எண், ஒரு தொகை. முடிவில் ‘மன்றத்தின் பார்வைக்கும் முடிவிற்கும் வைக்கப்படுகிறது’ என்று ஒரு வரி. அதன் கீழே அலுவலகக் குறிப்பு: ‘அனுமதிக்கலாம்.’

கூட்ட நாளன்று தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்ததும் இரங்கல் தீர்மானம் இருந்தால் எழுந்து நிற்பார்கள். பிறகு குடிநீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, நாய்த் தொல்லை என்று ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசுவார்கள். யாராவது வெளிநடப்பு செய்வார்கள். மறுநாள் செய்தித்தாளில் வருவது அந்த வெளிநடப்புதான். நம் பத்திரிகைக்காரர்களும் அதைத்தான் எழுதுகிறார்கள். அதற்கப்புறம் பொருட்களைப் படிக்கத் தொடங்கியதும் பின்வரிசையிலிருந்து ‘ஆல் பாஸ்’ என்று ஒரு குரல் எழும். மேசை தட்டும் சத்தத்தில் ஐம்பது அறுபது பொருள் தீர்மானமாகிவிடும். ஓர் ஊரின் சாக்கடையும் சம்பளமும் சுடுகாடும் அந்தச் சத்தத்துக்குள் போய்விடுகின்றன.

அந்த நாற்காலிகளில் நம்மவர்கள் உட்கார்ந்திருப்பது சும்மா கிடைத்ததல்ல. நகராட்சிகளுக்கான 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. மக்கள்தொகை விகிதப்படி பட்டியல் சாதியினருக்கு வார்டுகளை ஒதுக்க வேண்டும் என்பது அதனால் கட்டாயமானது. 2016இல் தமிழகம் பெண்களுக்கான இடத்தை 50 சதவீதமாக்கியது. காகிதத்தில் இருப்பது நாற்காலிக்கு வந்துசேர என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதற்கு மேலவளவு சாட்சி: 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஆம்பூருக்குப் பக்கத்து மலையில் நாயக்கனேரி ஊராட்சி இருக்கிறது. 2021இல் அதன் தலைவர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. போட்டியின்றித் தேர்வான பெண், ஊர் எதிர்ப்பாலும் வழக்காலும் பதவியேற்க முடியாமல் நிறுத்தப்பட்டார். மலைவாழ் மக்களுக்கு ஒதுக்கியிருக்க வேண்டும் என்பது எதிர்த்தவர்களின் வாதம். வாதம் எதுவானாலும், தேர்வானவர் வெளியே நிற்க வைக்கப்பட்டார்.

நகரங்களில் கதை சற்று வேறு. 2022 பிப்ரவரி 19 அன்று நடந்த தேர்தலில் வேலூர் மாநகராட்சியின் 60 வார்டுகளுக்கும் ஆம்பூரின் 36 வார்டுகளுக்கும் உறுப்பினர்கள் வந்தார்கள். வேலூர் 37ஆவது வார்டில் திருநங்கை கங்கா நாயக் வென்றதை நாடே பேசியது. தனி வார்டுகளில் வென்ற பெண்கள் பலர் முதல் தலைமுறை உறுப்பினர்கள். அவர்களை உள்ளே வரவிடாமல் யாரும் தடுக்கவில்லை. உள்ளே வந்தவர்கள் கையில் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு அதைப் படிக்க நேரம் கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

நம் பகுதி நகராட்சி ஒன்றில் தனி வார்டு உறுப்பினராக இருக்கும் ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். ஷூ கம்பெனியில் அப்பர் தைத்துக்கொண்டிருந்தவர். “புத்தகத்துல நம்ம தெரு பேரு எங்க கீதுன்னு தேடறதுக்குள்ள ஆல் பாஸ்னுடறாங்கண்ணா” என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முழுப் புத்தகத்தையும் வாசித்தோம். அவர் வார்டு ஒரே ஒரு பொருளில் வந்தது: கட்டணக் கழிப்பிடத்தை ஓராண்டுக் குத்தகைக்கு விடுவது. சென்ற ஆண்டைவிடக் கூடுதல் தொகை கேட்டவருக்குக் கொடுக்கலாம், நகராட்சிக்கு வருமானம் என்று குறிப்பு சொன்னது. அந்தக் கழிப்பிடத்தின் வாசலில் விடியற்காலையில் சில்லறையோடு நிற்பவர்கள் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடும் சேரிப் பெண்கள். வீட்டில் கழிப்பறை கட்ட இடமில்லாதவர்கள். கூட்டத்தில் அந்த அம்மா எழுந்து, “வருமானம்னு எழுதிக்கிறீங்க, அது யாரு பையில இருந்து வருதுன்னு எழுதலையே” என்று கேட்டார். தலைவர் பதில் சொல்லவில்லை. பொருள் ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த கூட்டத்தில் அது நிறைவேறிவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இந்த முறை அவருடைய ஆட்சேபம் தீர்மானப் புத்தகத்தில் பதிவாகியிருக்கிறது. ‘ஒருமனதாக நிறைவேறியது’ என்று எழுத முடியவில்லை.

பதிவானால் மட்டும் என்ன நடந்துவிடும் என்று கல்லூரி மாணவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அவர்களுக்கு நான் மகாத் நகராட்சியின் கதையைச் சொல்வதுண்டு. பொதுக் குளம், கிணறு, பள்ளிகளைத் தீண்டப்படாதோர் பயன்படுத்தலாம் என்று பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம் 1923 ஆகஸ்ட் 4 அன்று நிறைவேறியது. அதை ஒட்டி மகாத் நகராட்சியும் 1924இல் சவுதார் குளத்தைத் திறந்துவிடுவதாகத் தீர்மானம் போட்டது. மன்றத்தைப் பொறுத்தவரை அதுவும் வழக்கமான ஒரு பொருள்தான். மூன்றாண்டுகள் அது புத்தகத்திலேயே கிடந்தது. ஒருவரும் குளத்தில் இறங்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய்த் தண்ணீரை அள்ளிக் குடித்தார். நகராட்சி என்ன செய்தது தெரியுமா? அதே ஆண்டு ஆகஸ்ட் 4 அன்று கூடித் தன்னுடைய பழைய தீர்மானத்தையே ரத்துசெய்தது. வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றம் வரை போய் 1937இல்தான் நமக்குச் சாதகமாக முடிந்தது.

புத்தகத்தில் தூங்கிக்கொண்டிருந்தவரை அந்தத் தீர்மானத்தால் யாருக்கும் தொந்தரவில்லை. அதைக் கையில் எடுத்துக்கொண்டு மக்கள் குளத்துக்குப் போனபோதுதான் ரத்துசெய்ய வேண்டிய அளவுக்கு அது ஆபத்தானதாயிற்று. சென்னை மாகாணத்திலும் பொதுச் சாலை, கிணறு, அலுவலகங்களில் நுழையும் உரிமைக்காக இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். பஞ்சமர், பறையர் என்று அரசுப் பதிவேடுகளில் இருந்ததை ஆதிதிராவிடர் என மாற்ற எம்.சி. ராஜா 1922இல் கொண்டுவந்ததும் ஒரு தீர்மானமே. கூட்டப் பொருளின் வலிமை அந்தத் தலைமுறைக்குத் தெரிந்திருந்தது.

இப்போது நம் ஊர்ப் புத்தகத்துக்கு வருவோம். தண்ணீரிலிருந்து தொடங்கலாம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் கழிவால் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ கெட்டுவிட்டது என்று அதில் பதிவாகியிருக்கிறது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதில் இந்த வழக்குக்குப் பெரும் பங்கு உண்டு. சட்டம் படிக்கும் மாணவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் வேலூரின் பெயரைப் படிக்காமல் தேர முடியாது. இருந்தும் 2025 ஜனவரி 30 அன்று அதே உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்டோருக்கு மிச்சமுள்ள இழப்பீட்டை ஆறு வாரத்தில் கொடுங்கள் என்று மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. பாலாறு ஓடிய ஊர்கள் இன்று காவிரிக் கூட்டுக் குடிநீரை எதிர்பார்த்திருக்கின்றன. எந்தத் தெருவுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை, குழாய் எந்தப் பக்கம் போகும், மேல்நிலைத் தொட்டி எங்கே நிற்கும் என்பதெல்லாம் மன்றத்தில் வைக்கப்படும் பொருட்கள். தொட்டியிலிருந்து கடைசியாகக் குழாய் போகும் தெரு எது என்று பாருங்கள். தோல் ஊறும் தொட்டிகளில் இறங்கி வேலை செய்தவர்களின் தெருவாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

அடுத்தது தூய்மைப் பணி ஒப்பந்தம். புத்தகத்திலேயே பெரிய தொகை உள்ள பொருட்களில் இது ஒன்று. மிகக் குறைவாக விவாதிக்கப்படுவதும் இதுதான். குப்பை அள்ளுவோர், சாக்கடை வாருவோர் எந்தச் சமூகத்தினர் என்று இந்தப் பத்தியில் நான் சொல்ல வேண்டியதில்லை. 2022 அக்டோபரில் வந்த 139, 152 எண் அரசாணைகள் நகராட்சி, மாநகராட்சிகளில் இந்த வேலைகளை வெளியாள் ஒப்பந்தத்துக்குத் தள்ளின. அதை எதிர்த்துத் தொழிற்சங்கங்கள் இன்றும் போராடுகின்றன. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு தூய்மைப் பணியாளர்கள் இரவு பகலாக அமர்ந்ததும் வேலை தனியாருக்குப் போவதை எதிர்த்துத்தான். அரசாணையை நம் நகர்மன்றம் ரத்துசெய்ய முடியாது. ஒப்பந்ததாரரின் பில் மன்றத்துக்கு வரும்போது ஓர் உறுப்பினர் சில கேள்விகளைக் கேட்க முடியும். மாவட்ட ஆட்சியர் நிர்ணயித்த தினக்கூலி முழுதாகக் கைக்கு வந்ததா? பிடித்த பி.எஃப். பணம் கட்டப்பட்டதற்குச் சலான் எங்கே? இ.எஸ்.ஐ. அட்டை எத்தனை பேருக்கு இருக்கிறது? கையுறையும் காலணியும் எந்த மாதம் கொடுத்தார்கள்? உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்பும் ஊர்களில் குப்பை வண்டிக்குப் பின்னால் ரப்பர் செருப்போடு நடப்பவர்களை நாம் தினமும் பார்க்கிறோம்.

பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் சாக்கடைக்குள் மனிதரை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மரணம் நேர்ந்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தொகையை உயர்த்தியது. அடைப்பு எடுக்கும் இயந்திரம் வாங்குவதும் மன்றப் பொருள்தான். அது எத்தனை கூட்டமாக ‘ஒத்திவைக்கப்பட்டது’ என்று இருக்கிறது என்பதைப் பழைய தீர்மானங்களில் தேடிப் பார்க்கலாம்.

சுடுகாட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து ஒரு தலித்தின் உடலைக் கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். ஆற்றங்கரைக்குப் போகும் வழி ஆதிக்கச் சாதியினரின் நிலத்தில் அடைபட்டிருந்தது. அந்தக் காணொளி நாடு முழுவதும் பரவிய பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே விசாரணைக்கு எடுத்தது. சாதிக்கொரு சுடுகாடு ஒதுக்குவதே பாகுபாட்டை வளர்ப்பதாகாதா என்றும் கேட்டது. பிறகு வருவாய்த் துறை இடம் கொடுத்தது. அது கிராமம். நகரத்தில் மட்டும் என்ன வாழ்கிறது? எரிமேடை, கூரை, தண்ணீர்க் குழாய், பாதைக்கு மண்ணடிப்பது எல்லாவற்றுக்கும் நகராட்சி மதிப்பீடு போட்டு மன்ற அனுமதி வாங்குகிறது. எந்தச் சுடுகாட்டுக்கு எவ்வளவு என்று பெயரோடு எழுதியிருப்பார்கள். ஐந்து வருடத் தொகைகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் ஊரின் சாதி வரைபடம் கிடைத்துவிடும்.

பெயர் என்றதும் இன்னொன்று. அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்ற சொல் நீக்கப்படும் என்று முதலமைச்சர் 2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. பலகையை மாற்றும் தீர்மானம் மன்றத்துக்கு வரும்போது அந்தத் தெருவின் வடிகால் மதிப்பீடும் கூடவே வருகிறதா என்று பார்க்க வேண்டும். வேலை நடக்கும் லட்சணத்தையும்தான். 2022இல் வேலூரில் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளோடு சேர்த்து சிமென்ட் சாலை போட்டதையும், சத்துவாச்சாரியில் அடிபம்பை மூடிக் கால்வாய் கட்டியதையும் தமிழ்நாடே பார்த்துச் சிரித்தது. அந்த வேலைகளுக்கும் எங்கோ ஓர் அனுமதி இருந்திருக்கும்.

மன்றத்துக்குள் நாம் இல்லையே என்று சொல்லிவிட முடியாது. 2022 நவம்பர் 1 முதல் நகரங்களிலும் பகுதி சபா கூடுகிறது. கிராம சபை மாதிரி அங்கே மனு கொடுக்கலாம். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்க வேண்டும். நிறைவேறிய தீர்மானங்களின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு பக்கக் கடிதம் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். ‘எங்கள் வார்டு தொடர்பான எல்லாம்’ என்று பொதுவாகக் கேட்டால் ‘விவரம் தெளிவாக இல்லை’ என்று திருப்பிவிடுவார்கள். கூட்டம் நடந்த தேதியையும் பொருள் எண்ணையும் குறிப்பிட்டுக் கேளுங்கள். ‘தீர்மான நகல், மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகத்தின் நகல்’ என்று நான்கையும் தனித்தனியாக எழுதுங்கள். அளவுப் புத்தகத்தை விட்டுவிட வேண்டாம். எத்தனை மீட்டர் கால்வாய் கட்டியதாகப் பணம் வாங்கினார்கள் என்பது அதில்தான் இருக்கும். ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு தெருவில் அளந்து பார்த்துவிடலாம்.

இப்போதுள்ள மன்றங்கள் 2022 மார்ச் 2 அன்று பதவியேற்றவை. ஐந்தாண்டுக் கணக்கு 2027 மார்ச்சில் முடிகிறது. அதுவரை மாதந்தோறும் அந்தப் புத்தகம் உங்கள் வார்டு உறுப்பினர் வீட்டுக்கு வரும். கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் போய், “அம்மா, அஜெண்டா வந்துச்சா? கொஞ்சம் குடுங்க, பார்த்துட்டுத் தரோம்” என்று கேட்டுப் பாருங்கள்.