விற்பனைக்குத் தனி எண்

காசிமேடு துறைமுகத்தில் மீன் கழிவு வாங்கி, சம எடை வெல்லம் சேர்த்து மீன் அமிலம் தயாரித்து விற்கும் விவசாயிகள், வங்கிக் கணக்கில் பதிந்த போன் எண்ணையே கேனில் எழுதி வைப்பது சரியல்ல. மோசடிக்காரன் கண்ணிலும் அது படும். ஆதார் கொடுத்து ப்ரீபெய்டு சிம் ஒன்று வாங்கி, இரட்டைச் சிம் போனில் போட்டுக் கொள்ளலாம். தமிழ்நாட்டில் ஒருவர் பெயரில் 9 இணைப்புகள் வரை அனுமதி உண்டு. புதிய எண்ணில் வாட்ஸ்அப் பிசினஸ் தொடங்கினால் இணையம் வழியாகவும் பேசலாம்.

இதனால் பழைய எண்ணை மறந்துவிடக் கூடாது. 90 நாட்கள் பயன்படுத்தாமலும், இருப்பில் 20 ரூபாய் இல்லாமலும் கிடந்தால் துண்டிக்கப்படலாம். பின்னர் அது வேறொருவருக்குப் போகும். வங்கியின் ஓ.டி.பி.யும் அவருக்கே போய்ச் சேரும்! சொந்தக்காரரே கேட்டாலும் நம் ஆதாரில் சிம் வாங்கித் தர வேண்டாம். நம் பெயரில் எத்தனை எண்கள் உள்ளன என்பதைச் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் பார்க்கலாம்.