ஆளுக்கொரு பெட்டி

பொங்கலுக்காக நாக்பூர் வந்த என் மகள், நான்கு நாள் லீவில் இரண்டு நாள் லாப்டாப்பை விட்டு எழுந்திருக்கவில்லை. "பெண் வந்தும் வராத மாதிரி இருக்கிறாள்" என்று என் மனைவிக்குக் குறை. அருகில் போய் உட்கார்ந்து விசாரித்தேன். "ஒரு கணக்கு குறைவா வருதுப்பா. எங்கே போகுதுன்னு தெரியல" என்றாள்.

அவள் வேலை லினக்ஸ் கெர்னலில். கெர்னல் என்பது கம்ப்யூட்டரின் நினைவகத்தையும் ப்ராஸஸர்களையும் பங்கிட்டுக் கொடுக்கும் உள் நிர்வாகம். நம் சங்கத்துப் பிள்ளைகள் பலர் இந்த மாதிரி வேலையில்தான் இருக்கிறார்கள். என்ன வேலை என்று யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர்" என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். அன்று எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன்.

ஒன்றுக்கு மேற்பட்ட ப்ராஸஸர்களுடன் லினக்ஸ் ஓட ஆரம்பித்தது 1996-இல், 2.0 பதிப்பில். அப்போது கெர்னலுக்கே ஒரே பூட்டு. ஒரு ப்ராஸஸர் உள்ளே இருந்தால் மற்றவை வாசலில் நிற்க வேண்டும். சிறு சிறு பூட்டுகளாகப் பிரித்துப் பிரித்து, அந்தப் பெரிய பூட்டை முழுவதுமாக எடுத்தது 2011-இல்.

பூட்டை எடுத்தாலும் இன்னொரு தொல்லை உண்டு. ஒவ்வொரு ப்ராஸஸரும் தன்னருகே கேஷ் என்ற சிறு அலமாரி வைத்திருக்கிறது. நினைவகத்திலிருந்து அதற்கு வருவது பெரும்பாலும் 64 பைட் கொண்ட கட்டுகளாக. ஒருவர் தம் பிரதியில் எழுதினால் மற்றவர்களின் பிரதி செல்லாது. எல்லோரும் ஒரே எண்ணைக் கூட்டிக்கொண்டிருந்தால், அந்தக் கட்டு இங்கும் அங்கும் அலைவதிலேயே நேரம் போய்விடும்.

இதற்கு வழி, ப்ராஸஸர் ஒவ்வொன்றுக்கும் தனிப் பிரதி. தன் கணக்கை மட்டும் அது கூட்டும். மொத்தம் வேண்டும்போது எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். கூட்டிக்கொண்டிருக்கும்போதே யாராவது எழுதுவார்கள், ஆகவே மொத்தம் சற்று முன்பின் இருக்கும். வந்த நெட்வொர்க் பாக்கெட்டுகளை எண்ண அது போதும்.

இடம் ஒதுக்கும் இன்றைய முறையை 2009-இல் அமைத்தவர் தேஜுன் ஹோ. பெரிய நிலத்தைச் சம அளவு மனைகளாக்கி, ப்ராஸஸருக்கு ஒன்று. புதிதாக ஒரு கணக்கு வேண்டுமென்றால் எல்லா மனையிலும் அதே தூரத்தில் இடம் வெட்டப்படும். தன் மனை எங்கே தொடங்குகிறது என்பது அந்தந்த ப்ராஸஸரின் ரிஜிஸ்டரில் இருக்கும். இன்னும் வந்து சேராத, பின்னால் வரக்கூடிய ப்ராஸஸருக்கும் மனை உண்டாம்! எட்டு பைட் கணக்கு 64 ப்ராஸஸருக்கு 512 பைட். ஸ்டோர்ஸ் வைத்து வளர்ந்த எனக்கு வயிறு எரிந்தது. "காத்திருக்கிற நேரத்தைவிட இது மலிவுப்பா" என்றாள்.

யோசித்தால் நானும் அதைத்தான் செய்திருக்கிறேன். 1994-இல் நானிருந்த செக்‌ஷனில் மூன்று கேங், ஒரே இருப்புப் புத்தகம். விடிகாலையில் அதற்கு வரிசை. ஒவ்வொரு கேங் மேட்டுக்கும் தனிப் பெட்டி, தனி நோட்டு கொடுத்தேன். வரிசை போயிற்று. ஒரு நாள் இரண்டாவது கேங்கின் நோட்டில் பாண்ட்ரோல் கிளிப் 40 என்று பார்த்து, நான்கை எடுத்துக்கொண்டேன். எழுதுவதற்குள் லெவல் கிராஸிங்கிலிருந்து அழைப்பு. நான் போனபின் மேட் பத்தை எடுத்து 30 என்று எழுதியிருக்கிறார். சாயங்காலம் வந்த நான், நோட்டைத் திரும்பப் பார்க்காமல், மனதிலிருந்த 40-இல் நான்கு போக 36 என்று எழுதிவிட்டேன். பத்து கிளிப் எடுத்தது கணக்கிலிருந்தே மறைந்தது. ஸ்டாக் சரிபார்க்க வந்தபோது விளக்கம் எழுதியது நான்தான்.

இதைச் சொன்னதும் மகள் நிமிர்ந்தாள். "அப்பா, பாதியில் எழுந்து போனீங்களே, அந்த இடம்தான்!"

தன் கணக்கைப் படித்த ஒரு வேலையை, எழுதுவதற்குள் கெர்னல் வேறு ப்ராஸஸருக்கு மாற்றியிருக்கிறது. பழைய ப்ராஸஸரில் அதற்குள் வேறொன்று அதே கணக்கைக் கூட்டிவிட்டது. மாற்றப்பட்டது திரும்பவந்து பழைய எண்ணின் மேல் எழுத, நடுவில் கூட்டியது காணாமல் போயிற்று. தனிப் பெட்டி இருந்தால் மட்டும் போதாது, பெட்டி திறந்திருக்கும்போது ஆளை மாற்றக் கூடாது. ஒன்று, மாற்றலை அந்த நேரத்துக்கு நிறுத்தி வைக்க வேண்டும். அல்லது மனையைக் கண்டுபிடிப்பதும் கூட்டுவதும் ஒரே கட்டளையில் முடிய வேண்டும். இன்டெல் வகை ப்ராஸஸர்களில் அப்படி ஒரே கட்டளை உண்டு.

மூன்று வரியை அடித்துவிட்டு ஒரு வரி எழுதினாள். இரவு முழுவதும் சோதனை ஓடியது. மாட்டுப் பொங்கலன்று காலை கணக்கு சரியாக வந்திருந்தது. அன்றைக்குத்தான் அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிட்டாள்.