திறப்புக் கைமாறும் முன்னே

கிழக்கிலங்கைக் கரையோரக் கோமாரியில் ஒரு வாடகை வீட்டின் கதவு திறக்கிறது, உள்ளே நானும் நிற்கிறேன்! பழைய குடித்தனம் போய் இரண்டே நாள். புது ஆள் வர இன்னும் ஒரு மணித்தியாலம். இந்த இடைவேளையைப் பார்க்க யாருக்குக் கொடுத்துவைக்கும்? வாருங்கள், செருப்பைக் கழற்றிவிட்டுப் போவோம்.

குசினியில் பெயின்ற் வாளி, தும்புத்தடி, யாரோ விட்டுப்போன ஒற்றைச் சிலிப்பர். வீட்டுக்கார அக்கா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கதவுப் பிணைச்சலுக்கு எண்ணெய் விடுகிறார். கடற்காற்று இரும்பை விட்டுவைக்காதே! "வாடகை எண்டா சும்மா வாற காசு எண்டு நினைக்கிறாங்க தம்பி." நெற்றியில் வேர்வை முத்து முத்தாக.

படிக்கிற மகளுக்காகக் கட்டிய சீதன வீடு இது. பெண்ணுக்கு வீடு கொடுப்பது இந்தக் கரையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொது வழக்கம். அதனால் குடியிருக்க ஆள் தேடுவதிலும் மாப்பிள்ளை பார்க்கிற கவனம்!

இதே கரையின் அறுகம்பேயில் ஏப்ரல் தொடக்கம் அலைச்சறுக்குக் காலம். நாள் வாடகைக்கு விட்டால் கூடக் கிடைக்காதா?

"கிடைக்கும். ஒக்டோபர் போனா பூட்டிக் கிடக்கும். பூட்டின வீடு கெதியாப் பழுதாகும்."

வாசலில் மோட்டார்சைக்கிள் சத்தம். கல்முனையிலிருந்து மாற்றலாகி வந்த இளம் ஆசிரியரும் மனைவியும். பிளேன்ரீ வருகிறது, விசாரணையும் கூடவே வருகிறது.

"சாஹிராவிலயா படிச்சீங்க? எங்கட மாமா அங்க படிப்பிச்சவரெல்லோ!"

ஒரே சிரிப்பு. ஆனாலும் அடையாள அட்டைப் பிரதி கைமாறுகிறது. அக்கா பின் விறாந்தைக்கு நழுவி ஆசிரியரின் பழைய வீட்டுக்காரருக்குப் போன் போடுகிறார். நானும் காதைத் தீட்டுகிறேன். "காசு ஒழுங்காத் தந்தாரா? போகக்குள்ள சுவரெல்லாம் எப்படி இருந்திச்சு?"

அதற்குள் ஆசிரியர் கிணற்றில் ஒரு வாளி அள்ளி, உள்ளங்கையில் ஏந்திச் சுவைத்துப் பார்க்கிறார். அக்கா என் முழங்கையை இடிக்கிறார்: "தண்ணியைப் பார்க்கிறவர் இருக்க வந்தவர்!"

மூன்று மாத முற்பணம், ஒரு வருட ஒப்பந்தம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன்தான் எழுதவேண்டும். 1840ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் இந்த விறாந்தை வரை வருகிறது!

வெளியேறும்போது மனைவி படியருகே குனிகிறார். சீமெந்தில் பதிந்த சின்னக் கைத்தடம்.

"இது யாருட கை அக்கா?"

"எங்கட மகள்ட."

அவர் அதை மிதிக்காமல் தாண்டி இறங்குகிறார். அக்கா திறப்புக் கோர்வையை இடுப்பிலிருந்து எடுக்கிறார்.

"இந்தா புள்ள."