எம்ப்ராய்டரி ஆப் கம்ப்யூட்டர்ல ஓடுமா? ஓடணுமா?

செங்கல்பட்டுல இருந்து திருக்கழுக்குன்றம் வழியா மாமல்லபுரம் போற பஸ்ல ஜன்னலோரம் உட்கார்ந்தா, 'ஆரி ஒர்க் செய்து தரப்படும்'னு போர்டு கண்ணுல படாம இருக்காது. கல்யாணப் பொண்ணுக்கு மட்டும்னு இருந்த ஆரி ப்ளவுஸ் இப்போ அக்கா, அத்தை, தோழின்னு எல்லாருக்கும் வந்தாச்சு. திருக்கழுக்குன்றத்துல இருக்கிற என் சித்தியும் இந்த வேலைதான் செய்றாங்க. டிசைன் எல்லாம் போன்ல ஒரு எம்ப்ராய்டரி ஐடியா ஆப்ல இருந்து எடுப்பாங்க. தை மாசம் ஒரு கல்யாண ஆர்டர் வந்தப்போ சொன்னாங்க: "டேய், இந்த மாங்கா டிசைன்ல கொடி எங்க வளையுதுன்னே தெரியல. உன் கம்ப்யூட்டர்ல பெருசா போட்டுக் காட்டேன்."

நாலாவது வருஷம் இன்ஜினியரிங். அஞ்சு நிமிஷ வேலைன்னு நினைச்சேன். ரெண்டு நாள் போச்சு. அந்த ரெண்டு நாள் உங்களுக்குப் போகக் கூடாதுன்னுதான் இந்தக் கட்டுரை. உங்க வீட்டுலயும் ஒரு சித்தியோ அம்மாவோ இதைக் கண்டிப்பா கேட்பாங்க.

முதல் எச்சரிக்கை. ஆப் பேரோட 'ஃபார் பிசி'ன்னு சேர்த்துத் தேடினா வரிசையா டவுன்லோட் பக்கங்கள் வரும். எல்லாத்துலயும் பெரிய பச்சைப் பட்டன் இருக்கும். இந்த மாதிரி சின்ன ஆப்களுக்கு பெரும்பாலும் விண்டோஸ் பதிப்புன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. அந்தப் பக்கம் கடைசியில உங்களை ஒரு எமுலேட்டர்கிட்டதான் கொண்டு போகும், இல்லைன்னா கண்ட குப்பையையும் லேப்டாப்புல இறக்கிவிடும். எமுலேட்டர் வேணும்னா அதோட சொந்த தளத்துல இருந்து எடுங்க. ஆப்பை எமுலேட்டருக்குள்ள இருக்கிற பிளே ஸ்டோர்ல இருந்து எடுங்க. அதுக்கும் உங்க மெயின் ஜிமெயில் வேண்டாம், தனியா ஒண்ணு போதும். பூ டிசைன் காட்டுற ஆப் உங்க கான்டாக்ட் லிஸ்ட்டைக் கேட்டா, மறுத்துட்டு அடுத்த ஆப்புக்குப் போயிடுங்க.

ஏன் நேரா ஓடாது?

ஆண்ட்ராய்டு ஆப்போட கோடுல பெரும்பகுதி எந்த ப்ராசஸருக்கும் சொந்தமில்லாத பைட்கோடு. அதைப் புரிஞ்சுக்க ஆண்ட்ராய்டோட ரன்டைம் வேணும், அது விண்டோஸ்ல இல்ல. சில ஆப்கள்ல நேட்டிவ் லைப்ரரின்னு தனியா ஒரு பகுதி இருக்கும். அது போன்ல இருக்கிற ஆர்ம் ப்ராசஸருக்குன்னே செஞ்சது. நம்ம லேப்டாப் பெரும்பாலும் இன்டெல் இல்லைன்னா ஏஎம்டி, அதோட மொழியே வேற. எமுலேட்டர் என்ன பண்ணுதுன்னா, லேப்டாப்புக்குள்ள ஒரு முழு ஆண்ட்ராய்டையே வாடகைக்குக் குடி வைக்குது. தேவைப்பட்டா ஆர்ம் கட்டளைகளை மொழிபெயர்த்தும் கொடுக்குது. அதனாலதான் அவ்வளவு ரேம் சாப்பிடுது.

இதுக்கு ப்ராசஸர்ல விர்ச்சுவலைசேஷன் ஆன் ஆகியிருக்கணும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ், அதுல சிபியு பாருங்க. விர்ச்சுவலைசேஷன் பக்கத்துல 'எனேபிள்ட்'னு இருந்தா சரி. இல்லைன்னா பயாஸ்ல போய் இன்டெல்னா விடி-எக்ஸ், ஏஎம்டின்னா எஸ்விஎம்னு இருக்கிறதை ஆன் பண்ணணும். எமுலேட்டர் ஆமை மாதிரி நகர்ந்தா, முதல்ல பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

எந்த எமுலேட்டர்? புளூஸ்டாக்ஸ் 5-க்கு குறைஞ்சது 4 ஜிபி ரேம், 5 ஜிபி டிஸ்க் இடம்னு அவங்களே சொல்றாங்க. 'குறைஞ்சது'ங்கிறதை நம்பாதீங்க. சித்தி வீட்டுல இருக்கிறது 4 ஜிபி லேப்டாப். அதுல போட்டுட்டு டீ போட்டுக் குடிச்சிட்டு வந்தேன், அப்பவும் சுத்திக்கிட்டே இருந்துச்சு. 8 ஜிபி இருந்தா நிம்மதி. லினக்ஸ் வெச்சிருக்கவங்களுக்கு வேய்டிராய்டு இருக்கு. அது முழு மெஷினையும் நடிக்காம, லினக்ஸ் கெர்னலையே பகிர்ந்துக்கிட்டு கன்டெய்னர்ல ஓடுறதால லேசு. ஆனா வேலண்ட் செஷன் வேணும். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ எமுலேட்டர் ஆப் எழுதறவங்களுக்கு. டிசைன் பார்க்க அதைப் போடுறது கொசுவுக்கு பீரங்கி. விண்டோஸ் 11-லயே ஆண்ட்ராய்டு ஆப் ஓடும்னு பழைய யூட்யூப் வீடியோ பார்த்துட்டு தேடாதீங்க. அந்த வசதியை மைக்ரோசாஃப்ட் 2025 மார்ச் 5-ஓட நிறுத்திடுச்சு.

இவ்வளவும் செஞ்சு என் லேப்டாப்புல புளூஸ்டாக்ஸ் ஓடுச்சு, ஆப்பும் திறந்துச்சு. சித்தி பார்த்துட்டு, "பெருசா இருக்கு, ஆனா மங்கலா இருக்கே"ன்னாங்க.

அங்கதான் எனக்கு உறைச்சுது. ஆப்புல இருக்கிற படம் எத்தனை பிக்சலோ அத்தனைதான். ஸ்கிரீன் பெருசானா படத்துல புது விவரம் முளைக்காது. எமுலேட்டரோட டிஸ்ப்ளே ரெசல்யூஷனைக் கூட்டலாம், ஆனா சர்வர்ல இருக்கிற படமே சின்னதா இருந்தா, கூட்டி வர்றது மங்கல் மட்டும்தான்.

பெருசா பார்க்கிறது மட்டும்தான் தேவைன்னா எமுலேட்டரே வேண்டாம். எஸ்-சி-ஆர்-சி-பி-ஒய்னு எழுத்துக்கூட்டித் தேடுங்க, 'ஸ்கிரீன் காப்பி'ன்னு படிக்கணும். ஜெனிமொபைல் செஞ்ச இலவச ஓப்பன் சோர்ஸ் கருவி. போன் செட்டிங்ஸ்ல பில்டு நம்பரை ஏழு தடவை தட்டினா டெவலப்பர் ஆப்ஷன்ஸ் வரும். அதுல யுஎஸ்பி டீபக்கிங் ஆன் பண்ணி, கேபிள் போட்டு, கம்ப்யூட்டர்ல ஸ்கிரீன் காப்பியைத் திறந்தா போன் திரை அப்படியே கம்ப்யூட்டர்ல வந்துடும். மவுஸ்லயே போனை இயக்கலாம். ஆண்ட்ராய்டு 5-ல இருந்து எல்லாத்துலயும் வேலை செய்யும். ஆப் ஓடுறது போன்லதான், லேப்டாப் வெறும் கண்ணாடி. அதனால 4 ஜிபி லேப்டாப்பே தாராளம். வேலை முடிஞ்சதும் டீபக்கிங்கை ஆஃப் பண்ண மறக்காதீங்க.

சித்திக்கு உண்மையில என்ன வேணும்?

ஆரி வேலை எப்படி நடக்குதுன்னு நான் அதுவரைக்கும் உட்கார்ந்து பார்த்ததே இல்ல. துணியை ஃபிரேம்ல இழுத்துக் கட்டுவாங்க. டிசைனை டிரேஸ் பேப்பர்ல வரைஞ்சு, கோட்டு மேலயே ஊசியால வரிசையா ஓட்டை போடுவாங்க. பேப்பரைத் துணி மேல வெச்சு, மண்ணெண்ணெய்ல குழைச்ச பவுடரைத் தேய்ச்சா புள்ளி புள்ளியா டிசைன் துணியில இறங்கிடும். அப்புறம்தான் கொக்கி ஊசி, நூல், சமிக்கி எல்லாம். ஆக, துணிக்குப் போறது டிரேஸ் பேப்பர்ல இருக்கிற கோடு. அந்தக் கோடு கை அளவுக்குச் சரியா இருக்கணும், அவ்வளவுதான். திரையில எவ்வளவு பெருசா தெரிஞ்சுதுன்னு துணிக்குக் கவலையில்ல.

ஆப்புல சேவ் பட்டன் இருந்தா படத்தை சேவ் பண்ணி கேபிள்ல மாத்திக்கங்க. இல்லைன்னா போன்லயே ஸ்கிரீன்ஷாட். பல போன்கள்ல அகலம் 1080 பிக்சல். தையலுக்கு விட்டது போக கைச்சுற்று 12 இன்ச்சுன்னு வைங்க. 1080-ஐ 12-ஆல வகுத்தா இன்ச்சுக்கு 90 பிக்சல், ஒரு பிக்சல் சுமார் 0.28 மி.மீ. சித்தியோட சங்கிலித் தையல் ஒண்ணை ஸ்கேல் வெச்சு அளந்தேன், கிட்டத்தட்ட 2 மி.மீ. அதாவது ஒரு தையலுக்கு ஏழு பிக்சல் இருக்கு. 300 டிபிஐ இல்லைன்னா பிரின்ட் பண்ணக் கூடாதுன்னு நாம படிச்சது இங்க தேவையில்லை. ஆனா 400 பிக்சல் தம்ப்நெயிலா இருந்தா பிக்சல் 0.76 மி.மீ. ஆயிடும், இலை நுனி எல்லாம் மொட்டையாயிடும். அப்படிப்பட்ட படத்தை விட்டுடுங்க.

இனி நான் சொதப்பின கதை. 12 இன்ச்னா 305 மி.மீ. ஏ4 தாளோட நீளம் 297 மி.மீ. இதை யோசிக்காம பிரின்ட் கொடுத்தேன். பிரின்ட் பெட்டியில 'ஃபிட் டு பேஜ்' டிக் ஆகியே இருந்துச்சு. பிரின்டர் ஓரத்துல கொஞ்சம் விட்டு, மொத்தத்தையும் 287 மி.மீ.க்குள்ள சுருக்கிடுச்சு. பார்க்க அழகா இருந்துச்சு. சித்தி கழுத்துல கிடந்த டேப்பை எடுத்து வெச்சாங்க. "முக்கால் இன்ச் குறையுதேடா." நல்லவேளை, ஓட்டை போடுறதுக்கு முன்னாடி. அது அப்படியே பட்டுத்துணிக்குப் போயிருந்தா, பார்டர் கையைச் சுத்தி வந்து சேராம அக்குள் பக்கம் மொட்டையா நின்னிருக்கும். ஆரி போட்ட துணியைப் பிரிச்சா ஓட்டை தெரியும், துணிக் காசும் சித்தி தலையிலதான் விழும்.

அதனால இப்படிச் செய்யுங்க. இங்க்ஸ்கேப் இலவசம், அதைப் போடுங்க. படத்தை உள்ள கொண்டு வந்து, மேல அகலப் பெட்டியில மி.மீ.ன்னு மாத்தி, பூட்டுக் குறியைப் போட்டுட்டு 305 கொடுங்க. கறுப்புக் கோட்டுப் படமா இருந்தா 'டிரேஸ் பிட்மேப்' கோட்டை எடுத்துக் கொடுத்துடும். கல்லும் மணியும் மின்னுற முடிச்ச ப்ளவுஸ் போட்டோவா இருந்தா அதை நம்பாதீங்க, ஆயிரம் துண்டா குப்பை வரும். போட்டோவை ஒரு லேயர்ல வெச்சு, மங்கலாக்கி, பூட்டி, மேல லேயர்ல பென் டூலால கோடு இழுங்க. முழு பார்டரையும் வரைய வேண்டாம். 5 செ.மீ.க்கு ஒரு மாங்கா, ஆறு தடவை நகல் எடுத்தா 30 செ.மீ., மிச்சம் அரை செ.மீ.யை இடைவெளியில பிரிச்சுடலாம். தாளோட மூலையில சரியா 10 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டு வைங்க. பிரின்ட்ல 'ஆக்சுவல் சைஸ்' இல்லைன்னா 100 சதவீதம். வந்த தாள்ல ஸ்கேல் வெச்சு அந்தக் கோட்டை மட்டும் அளங்க. 10 இருந்தா மொத்தமும் சரி. ஏ4-ஐ ரெண்டா ஒட்டுறதுக்குப் பதிலா ஜெராக்ஸ் கடையில ஏ3 கேளுங்க. அது 420 மி.மீ. நீளம், ஒரே தாள்ல முடிஞ்சுடும்.

இன்னொரு கைக்கு டிசைன் கண்ணாடி பிம்பமா வேணும். இங்க்ஸ்கேப்ல எச் அழுத்தினா திரும்பிடும்னு பெருமையா காட்டினேன். சித்தி ஓட்டை போட்ட பேப்பரைத் திருப்பிப் போட்டுக் காட்டினாங்க. ஓட்டைக்கு ஏது முன்பக்கம் பின்பக்கம்?

மெஷின் எம்ப்ராய்டரி பண்றவங்களுக்கு ஒரு வார்த்தை. ஆப் தர்ற ஜேபெக்கை மெஷின் தின்னாது. அதுக்குத் தையல் கட்டளைகள் வேணும். தஜிமா மெஷின்னா டிஎஸ்டி, பிரதர்னா பிஇஎஸ் ஃபைல். இங்க்ஸ்கேப்போட இலவச இணைப்பான இங்க்ஸ்டிச், நீங்க வரைஞ்ச கோட்டுக்குத் தையல் வகையும் அடர்த்தியும் கொடுத்து இந்த ஃபைல்களா மாத்தும். எக்ஸ்டென்ஷன் பெயரை மட்டும் மாத்தி பென்டிரைவ்ல போட்டா ஒண்ணும் நடக்காது. என் கிளாஸ்மேட் ஒருத்தன் செஞ்சு பார்த்தான்.

ஆப்பே வேண்டாம்னா?

ஆப்ல இருக்கிற டிசைன் நிறைய யாரோ உழைச்சு வரைஞ்சது. அதோட, ஒரே ஆப்பைத் தெருவே பார்க்குது, ஒரே மயில் எல்லார் முதுகுலயும். சித்தி வீட்டுல இருந்து மாமல்லபுரம் ஒரு பஸ் தூரம். அர்ச்சுனன் தபசுல யானைக் கூட்டம் இருக்கு, மான் இருக்கு, ஒத்தக்கால்ல நின்னு தவம் பண்ற பூனையும் காலடியில எலிகளும் இருக்கு. நேர் எதிர நின்னு, போனைச் சாய்க்காம எடுங்க. சாய்ச்சா விகிதம் கெட்டுடும். அங்க உளி தட்டுற சிற்பிகள்கிட்ட இந்த விகிதக் கணக்கு தாலம்னு பழைய பேர்ல இருக்கு. முகத்தோட நீளத்தை அலகா வெச்சு மத்ததை எல்லாம் அளப்பாங்க. அதனால சிலை ஒரு அடியோ பத்து அடியோ, உருவம் மாறாது. இங்க்ஸ்கேப்ல வெக்டர் பண்றதும் அதேதான்: மில்லிமீட்டரை மாத்தினாலும் வளைவு உடையாது.

பூனையை வரைஞ்சு 4 செ.மீ. உயரத்துக்கு பிரின்ட் போட்டுக் கொடுத்திருக்கேன். "கல்யாணப் பொண்ணு கையில பூனையா?"ன்னு சித்தி சிரிச்சாங்க. இப்போ அது சித்தி பொண்ணோட சுடிதார் கழுத்துல பாதி வரைக்கும் வந்திருக்கு. எலி மட்டும் பாக்கி.