மல்லிகைக்கு எத்தனை மணி?

மதுரையிலிருந்து துபாய் தூரமா, சிங்கப்பூர் தூரமா என்று கேட்டால் நம் அங்கத்தினரில் பலர் சற்றுத் தயங்குவர். உண்மையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரந்தான். நம் விமான நிலையத்திலிருந்து வடமேற்கே துபாய் சுமார் 2,950 கிலோமீட்டர். கிழக்கே சிங்கப்பூர் சுமார் 3,010 கிலோமீட்டர். 2012-இல் மதுரையின் முதல் வெளிநாட்டு விமானம் சென்ற கொழும்போ சுமார் 350 கிலோமீட்டரே.

இவை நேர்வழித் தூரங்கள். பூகோள உருண்டையின்மீது இரண்டு ஊர்களுக்கும் இடையே ஒரு நூலைத் தொய்வின்றி இழுத்துப் பிடித்தால், அந்நூல் செல்லும் வழியே மிகக் குறுகிய வழி. பாவு ஓட்டும் நெசவாளருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காற்றின் போக்கையும் வான்வழி விதிகளையும் அனுசரித்து விமானம் சிறிது சுற்றிச் செல்வதும் உண்டு. எனினும் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் பறக்கும் நேரம் தனித்தனியே நான்கு மணிக்குச் சற்று மிகுதி என்று கொள்ளலாம்.

இக்கணக்கு மல்லிகை பயிரிடுவோருக்கு மிகவும் வேண்டியது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, விடியலில் மொட்டாகப் பறிக்கப்பட்டு அன்று மாலையே மலரத் தொடங்குவது. குளிர்ச்சி அம்மலர்ச்சியைத் தாமதப்படுத்துமேயன்றி முற்றிலும் நிறுத்தாது.

கணக்கிற்காக ஓர் உதாரணம் கொள்வோம். காலை 5 மணிக்குப் பறித்த மொட்டு நண்பகல் 12 மணிக்கு விமானம் ஏறுகிறது. பயணம் நாலேகால் மணி. துபாயில் இறங்கும்போது அவ்வூர்க் கடிகாரம் பிற்பகல் 2.45 காட்டும், சிங்கப்பூரிலோ மாலை 6.45 காட்டும். துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி பிந்தியது. சிங்கப்பூர் நேரம் இரண்டரை மணி முந்தியது. ஆனால் மொட்டுக்கு இரண்டு ஊர்களிலும் வயது ஒன்றே: பதினொன்றேகால் மணி. அயலூர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சரக்கின் வயதைக் கணிப்பவர் ஏமாந்து போவார்.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தப் பதினொன்றேகால் மணியில் ஏழு மணி தரையிலேயே கழிந்தது. பறிப்பு, மாட்டுத்தாவணிச் சந்தை, தரம் பிரித்தல், பனிக்கட்டியிட்டுப் பெட்டி கட்டுதல், தாவர நலச் சான்று, சுங்கச் சோதனை ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். சரக்கைச் சென்னை சென்று விமானம் ஏற்ற நேர்ந்தால் சாலைவழி சுமார் 460 கிலோமீட்டருக்கு எட்டு மணி நேரம் கூடுதலாகும். வானில் மூவாயிரம் கிலோமீட்டர் கடக்கும் நேரத்தைப்போல் இது ஏறத்தாழ இருமடங்கு!

நெசவாளருக்கு இவ்வவசரம் இல்லை. 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற நமது சுங்குடி வாடுவதில்லை. தூத்துக்குடியிலிருந்து கப்பலில் நிதானமாகச் செல்லலாம். நாள் குறித்துக் கேட்ட துணிக்கு மட்டும் விமானக் கூலி கொடுத்தால் போதும்.

வானத்தில் ஆகும் நேரத்தைக் குறைப்பது நம் கையில் இல்லை. தரையில் ஆகும் நேரத்தைக் குறைப்பதோ முற்றிலும் நம் கையில் உள்ளது. ஆளுக்கொரு கூடையாகத் தனித்தனியே சந்தைக்குச் சென்று காத்திருப்பதைவிட, ஓரிடத்தில் சேர்த்து, ஒரே வேளையில் தரம் பிரித்து, ஒரே வண்டியில் அனுப்பினால் ஒன்றிரண்டு மணியேனும் மிச்சமாகும். கூட்டுறவின் பலன் பணத்தில் மட்டுமன்று, நேரத்திலும் உண்டு. மல்லிகைக்கு நேரமே விலை என்பதை அங்கத்தினர்கள் மனத்திற் கொள்வார்களாக.