மூட்டு மாற்றிய பின்னும் மாறாத வலி

முழங்கால் மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை செய்துகொண்டோரில் ஏறக்குறைய 20 சதவீதமானோருக்கு நீண்டகால வலி எஞ்சுவதாக 2012 இல் வெளியான பிரித்தானிய மீளாய்வொன்று காட்டியது. செயற்கை மூட்டு சரியாகவே பொருந்தியிருக்கும். எக்ஸ்-கதிர்ப் படத்திலும் குறையிராது. நோயாளியோ வலி என்பார். அதனை மனப்பிரமை எனத் தட்டிக்கழிப்போரும் உளர். ஆனால் சத்திரசிகிச்சையின் பின் 3 மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலிக்கு, 2022 இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார ஸ்தாபனத்தின் நோய் வகைப்படுத்தலில் தனியிடம் உண்டு. பல்லாண்டு வலியால் முண்ணாணும் மூளையும் நோவுணர்வைப் பெருக்கப் பழகிவிடுகின்றன. மூட்டை மாற்றியதும் அப்பழக்கம் அகன்றுவிடுவதில்லை.

இத்தகையோரை முன்கூட்டியே இனங்காண இயலுமா? குருதியிலும் மூட்டுத் திரவத்திலும் காணப்படும் சீ-எதிர்வினைப் புரதம், இன்டர்லியூக்கின்-6 முதலிய அழற்சிக் குறிகாட்டிகள் ஆராயப்படுகின்றன. சிக்கல் என்னவெனில், சீ-எதிர்வினைப் புரதம் சாதாரண தொற்றிலும் உயரும். சத்திரசிகிச்சைக்கு மறுநாள் எவரிடத்தும் உயர்ந்தே இருக்கும். ஆய்வு முடிவுகளும் ஒன்றோடொன்று இசையவில்லை. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகங்களின் ஆய்வுத் திட்டமொன்று குருதி, மரபணு, மூளைப் படம் ஆகியவற்றை ஒருங்கே நோக்க முற்பட்டமைக்கு இதுவே காரணம்.

இன்றைய நிலையில் ஓரளவேனும் முன்னறிவிப்பவை, முன்பிருந்த வலியின் கடுமை, உடலின் பிற இடங்களிலும் வலி இருத்தல், மனச்சோர்வு என்பனவே. இவற்றை அறிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. வைத்தியர் சற்று நேரம் ஒதுக்கிக் கேட்டாலே தெரிந்துவிடும்.